நம் ஊர்க் கிணற்றுக் கணக்கைக் காந்திநகரில் தேடுதல்: சோத்கங்கா, ஒரு மதிப்பீடு

பெருந்துறைப் பக்கத்தில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் முதுகலை மாணவர்களின் திட்ட அறிக்கைகளுக்கு வழிகாட்டும் வேலையும் என்னுடையது. தண்ணீர், சாயக்கழிவு, மஞ்சள், கோழிப்பண்ணை, பஞ்சாலைத் தூசி என்று மாணவர்கள் கொண்டுவரும் தலைப்புகள் எல்லாம் அவரவர் வீட்டு வாசலிலிருந்து வருபவை. ஆய்வு என்றால் முதலில் பிறர் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அந்த முதல் படிக்காக நானும் என் மாணவர்களும் சில ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் சோத்கங்கா என்ற ஆய்வேட்டுக் களஞ்சியத்தைப் பற்றியே இந்த மதிப்பீடு.

குஜராத்தின் காந்திநகரில் இருக்கும் இன்ஃப்லிப்நெட் மையம் இதை நடத்துகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் கீழ் இயங்கும் மையம் அது. முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் ஒப்படைக்க வேண்டும் என்று 2009 ஜூன் மாதம் வெளியான மானியக் குழு விதிமுறைதான் இதற்கு வித்து. அதற்கு முன்பு ஓர் ஆய்வேட்டைப் படிக்க வேண்டுமானால் அந்தப் பல்கலைக்கழக நூலகத்துக்கே போய், அனுமதிக் கடிதம் கொடுத்து, அங்கேயே உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டும். பாரதியார் பல்கலைக்கழக நூலகத்துக்காக மருதமலை அடிவாரத்துக்கும், பெரியார் பல்கலைக்கழகத்துக்காகச் சேலத்துக்கும் பேருந்தேறிய தலைமுறை என்னுடையது. இன்று 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் கட்டணமின்றி, கடவுச்சொல்லும் கேட்காமல் கைப்பேசியில் திறக்கின்றன.

ஆய்விதழ்கள் இருக்க ஆய்வேடுகளை ஏன் தேட வேண்டும் என்று கேட்கலாம். முதல் காரணம் காசு. வெளிநாட்டு இதழ் ஒன்றில் ஒரே ஒரு கட்டுரைக்கு முப்பது, நாற்பது டாலர் கேட்பது வழக்கம். 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களைத் திறந்துவிட்டது உண்மை. ஆனால் அது ஒன்றிய, மாநில அரசுகளின் நிர்வாகத்தில் உள்ள நிறுவனங்களுக்கான திட்டம். கொங்கு நாட்டில் சாலைக்குச் சாலை நிற்கும் சுயநிதிக் கல்லூரிகளின் மாணவர் அந்தக் கதவுக்கு வெளியேதான் நிற்கிறார்.

இரண்டாவது காரணத்தை இதைவிடப் பெரிதாக நினைக்கிறேன். இதழ்க் கட்டுரை எட்டு அல்லது பத்துப் பக்கத்துக்குள் முடிய வேண்டியது. ஐம்பது கிணறுகளில் மாதிரி எடுத்தவர் அதில் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். ஆய்வேட்டில் அந்தக் கட்டாயம் இல்லை. எந்த ஊர், எந்த மாதம், கிணறா ஆழ்குழாயா, எவ்வளவு ஆழம், அதில் குளோரைடு எவ்வளவு, கடினத்தன்மை எவ்வளவு என்று கிணறு கிணறாக அட்டவணை போட்டிருப்பார்கள். நம் மண்ணைப் பற்றிய நேரடிக் கணக்கு அந்தப் பின்னிணைப்புப் பக்கங்களில்தான் இருக்கிறது. அந்த ஒன்றுக்காகவேகூட இந்தக் களஞ்சியத்தைப் பரிந்துரைப்பேன்.

சென்ற ஆண்டு சென்னிமலைக்குத் தெற்கே நொய்யல் கரையோர ஊர் ஒன்றிலிருந்து வந்த மாணவி, தன் வீட்டுக் கிணற்று நீரைப் பரிசோதித்து, சாயப்பட்டறைகள் மூடப்பட்ட காலத்துக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட விரும்பினார். 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் பாசன நீருக்குப் பதிலாகத் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கியதும், 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் இப்பகுதியில் சிறுவருக்கும் தெரிந்த கதை. அந்தக் காலத்தில் தண்ணீர் உண்மையில் எப்படி இருந்தது என்பதற்கு எண் வேண்டுமல்லவா? தேட உட்கார்ந்த முதல் அரை மணி நேரத்திலேயே அவர் தலை நிமிர்ந்து, "சார், ஊர்ப் பேரை இங்கிலீஷ்ல எப்படி எழுதியிருப்பாங்கன்னே தெரியலீங்க" என்றார்.

சோத்கங்காவைப் பயன்படுத்தும் எவரும் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் அதுதான். திருப்பூரை ஆங்கிலத்தில் ஒரு 'பி' போட்டும் எழுதுகிறார்கள், இரண்டு 'பி' போட்டும் எழுதுகிறார்கள். காங்கயத்துக்கு நடுவில் ஒருவர் 'ஏ' போடுகிறார், இன்னொருவர் 'இ' போடுகிறார். நொய்யலை நொய்யில் என்று எழுதுவாரும் உண்டு. தேடுபொறி எழுத்தைத்தான் பார்க்கும், ஊரைப் பார்க்காது. ஆகவே ஒரே சொல்லை மூன்று நான்கு வடிவங்களில் தேடிப் பார்க்க வேண்டும். ஊர்ப் பெயரை விட்டுவிட்டு ஆற்றுப் பெயர், மாவட்டப் பெயர், பழைய மாவட்டப் பெயர் என்றும் போட்டுப் பார்க்க வேண்டும். திருப்பூர் தனி மாவட்டமானது 2009இல்தான். அதற்கு முந்தைய ஆய்வேடுகளில் இதே ஊர்கள் கோயம்புத்தூர் மாவட்டமாகவோ ஈரோடு மாவட்டமாகவோ கிடக்கும். வெளியே பொதுத் தேடுபொறியில் தலைப்புச் சொற்களோடு சோத்கங்கா என்று சேர்த்துத் தேடினால் சில வேளைகளில் விரைவாகக் கிடைத்துவிடுகிறது. பல்கலைக்கழகம், துறை, ஆய்வாளர், வழிகாட்டி என்று படிப்படியாக உலாவும் வழியும் இருக்கிறது. ஒரு துறையில் ஒரு வழிகாட்டியின் கீழ் நொய்யல் பற்றி ஓர் ஆய்வு நடந்திருந்தால் இன்னும் இரண்டு நடந்திருக்க வாய்ப்புண்டு என்பதால், எனக்குப் பிடித்த வழி இதுவே.

ஆய்வேடு கிடைத்த பிறகும் ஒரு சிறு சங்கடம் காத்திருக்கிறது. அது ஒரே நூலாகத் திறக்காது. தலைப்புப் பக்கம் ஒரு கோப்பு, சான்றிதழ் ஒரு கோப்பு, ஒவ்வோர் இயலும் ஒவ்வொரு கோப்பு என்று 01, 02, 03 எனத் துண்டு துண்டாக வரிசையில் நிற்கும். கைப்பேசியில் படிக்கும் மாணவர் பதினைந்து முறை தரவிறக்க வேண்டும். வரிசையின் கடைசியில் 80 என்ற எண்ணோடு ஒரு கோப்பு பெரும்பாலும் இருக்கும். அதில் தலைப்புப் பக்கத்தையும் முடிவுரையையும் மட்டும் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். முழு ஆய்வேடும் நமக்கு வேண்டுமா வேண்டாமா என்று ஐந்து நிமிடத்தில் முடிவுசெய்ய அந்த ஒரு கோப்பு போதும். அதை முதலில் திறக்கும் பழக்கத்தை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பிறகு என் வகுப்பில் புலம்பல் பாதியாகக் குறைந்தது.

பதிவேற்றும் பொறுப்பு அந்தந்தப் பல்கலைக்கழகத்துடையது என்பதால் தரம் ஏறியும் இறங்கியும் இருக்கிறது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வேட்டில், எங்களுக்கு மிகத் தேவையாக இருந்த அட்டவணைப் பக்கங்கள் கோணலாகப் படியெடுக்கப்பட்டு, கடைசிப் பத்தியின் எண்கள் பைண்டிங் மடிப்புக்குள் போய்விட்டிருந்தன. 3 என்பதா 8 என்பதா என்று நானும் அந்த மாணவியும் திரையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அந்தப் பத்தியையே கைவிட்டோம். படமாக ஏற்றப்பட்ட பழைய ஆய்வேடுகளில் உள்ளே சொல் தேடவும் இயலாது. தமிழில் எழுதப்பட்டவற்றில் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களால் தட்டச்சு செய்யப்பட்டவை பல. திரையில் தமிழாகத் தெரியும் வரியைப் படியெடுத்து ஒட்டினால் ரோமன் எழுத்துக் கூளமாக வரும்.

இனி, கிடைத்ததைப் படிக்கும் முறை. களஞ்சியத்தில் இருப்பதாலேயே ஓர் ஆய்வேடு நம்பத்தக்கது ஆகிவிடாது. 'ஆய்வுப் பகுதி' என்ற இயலை நான் பெரும்பாலும் தாண்டிவிடுவேன். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் நொய்யலின் வரலாறு ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வேடுகளில் சொல் மாறாமல் ஓடுவதைப் பார்த்த பிறகு வந்த பழக்கம் அது. 2018இல் வந்த மானியக் குழு விதிமுறை பிறர் எழுத்தோடு பத்து விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை வைக்கவில்லை. அந்தப் பத்தும் இந்த இயலிலேயே செலவாகிவிடுகிறதோ என்று தோன்றும். நேராக 'முறைகள்' என்ற இயலுக்குப் போய், மாதிரி எந்த மாதம் எடுக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஒரே கிணறு வேறு வேறு தண்ணீரைத் தரும். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டால் பாசனப் பகுதிக் கிணறுகளில் ஊற்று ஏறி உப்பு இறங்கும் என்பதை ஈரோட்டு விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாதம் குறிக்காத உப்புக் கணக்கை ஒப்பிடப் பயன்படுத்தக் கூடாது என்று மாணவர்களிடம் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

அலகுகளில் இருக்கும் பள்ளங்களும் ஆழமானவை. பழைய ஆய்வேடுகள் பலவற்றில் டி.டி.எஸ். எனப்படும் கரைந்த உப்பின் அளவுக்குப் பதிலாக மின்கடத்துதிறனை மைக்ரோ சீமன்ஸ் அலகில் கொடுத்திருப்பார்கள். அதை ஏறத்தாழ 0.64 ஆல் பெருக்கினால்தான் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்குக்குப் பக்கத்தில் வரும். எங்கள் மாணவி முதல் வரைவில் கடத்துதிறனின் 3,000ஐயும் இன்றைய டி.டி.எஸ். எண்ணையும் நேருக்கு நேர் வைத்து, தண்ணீர் பெரிதும் தேறிவிட்டது என்று எழுதிக்கொண்டு வந்தார். பெருக்கிப் பார்த்தால் 3,000 என்பது 1,900 சொச்சம்தான். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் டி.டி.எஸ். 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம் என்றும் சொல்வதை நினைத்தால், இந்த ஒரு தவறு ஒரு கிணற்றையே வரம்புக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடும் என்பது விளங்கும். நைட்ரேட்டிலும் இதே கதைதான். நைட்ரேட்டாகவே கணக்கிட்டால் வரம்பு 45, அதில் உள்ள நைட்ரஜனை மட்டும் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 10. அட்டவணைத் தலைப்பை ஊன்றிப் படிக்காதவர் நல்ல தண்ணீரையும் கெட்டதாக்குவார், கெட்டதையும் நல்லதாக்குவார்.

தண்ணீரைத் தாண்டிய துறைகளில் சோத்கங்கா சில இடங்களில் கை கொடுக்கிறது, சில இடங்களில் வேறு வாசலைத் தட்டச் சொல்கிறது. பவானிசாகர் ஆராய்ச்சி நிலையத்தின் பி.எஸ்.ஆர். மஞ்சள் இரகங்கள் முதல் 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோடு மஞ்சள் வரை தேடும் மாணவருக்கு வேளாண் பல்கலைக்கழக ஆய்வேடுகள் தேவைப்படும். அவற்றை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கிருஷிகோஷ் என்ற தனிக் களஞ்சியத்தில் தேடுவதே பலன் தரும். காங்கயம் மாடு, கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தின் கொழுக்கட்டைப் புல், வெள்வேல மரம் பற்றித் தேடுபவரும் இரண்டு இடங்களையும் பார்த்துவிட வேண்டும், ஏனெனில் தாவரவியல் துறையினர் ஒரு பக்கமும் வேளாண், கால்நடைத் துறையினர் மறுபக்கமும் இருப்பார்கள்.

மருத்துவத்தில் ஏமாற்றம் சற்றுக் கூடுதல். பஞ்சாலைத் தூசியால் வரும் பிசினோசிஸ் நோயைப் பற்றி ஒரு மாணவர் தேடினார். வார விடுமுறை கழிந்து ஆலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவது அந்நோயின் அடையாளம். ஆலைத் தொழிலாளர் உடல்நலம் என்று சோத்கங்காவில் அவருக்குக் கிடைத்தவற்றில் பெரும்பகுதி சமூகப்பணி, மனையியல் துறைகளைச் சேர்ந்தவை. தொழிலாளரிடம் வினாப்பட்டியல் கொடுத்துக் கேட்டறிந்த ஆய்வுகளும் மதிப்புள்ளவைதான் என்றாலும், ஊதிப் பார்த்து நுரையீரல் திறன் அளந்த ஆய்வோடு அவற்றை ஒரே தட்டில் வைக்க முடியாது. எம்.டி., எம்.எஸ். படிக்கும் மருத்துவர்களின் ஆய்வேடுகள் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தனிக் களஞ்சியத்தில் இருக்கின்றன. மருத்துவத் தலைப்பு எடுப்பவர் அங்கே தொடங்குவதே நல்லது.

குறைகள் இத்தனை இருந்தும், ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் நான்கு கொடுப்பேன். குறைந்த ஒன்றும் அட்டவணையைக் கோணலாக ஏற்றியவர்கள் கணக்கில் எழுத வேண்டியது.

அந்த மாணவியின் அறிக்கை சென்ற மே மாதம் முடிந்தது. பழைய ஆய்வேடுகளில் ஊர்ப் பெயர் மட்டும் இருந்ததால், ஒரே ஊரில் எந்தக் கிணறு என்று தெரியாமல் நாங்கள் திண்டாடியதை மனத்தில் வைத்து, அவர் தம் பின்னிணைப்பில் பதினெட்டுக் கிணறுகளுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம், மாதிரி எடுத்த தேதி, கடைசியாக மழை பெய்த நாள் எல்லாவற்றையும் குறித்திருந்தார். சோத்கங்கா முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கான இடம், முதுகலைத் திட்ட அறிக்கைக்கு அங்கே இடமில்லை. நீல அட்டை போட்ட அந்த அறிக்கை எங்கள் துறை அலமாரியில், மேலிருந்து இரண்டாம் தட்டில் இருக்கிறது. நொய்யல் கரையில் வேலை செய்பவர் யாராவது கேட்டால் எடுத்துக் கொடுக்கிறேன்.