வெக்டர் படங்களுக்கு நிழல் போடும் லைப்ரரியை நம்பி 120 டாலர் போனது: வாங்குவதற்கு முன் படியுங்கள்

நிரல் எழுதி எஸ்விஜி படங்களை (பிக்சல் புள்ளிகளாக இல்லாமல் கோடு, வட்டம் என்று வடிவங்களாகவே எழுதப்படும் வெக்டர் படங்களை) உருவாக்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். 120 டாலரைப் பறிகொடுத்த ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதுகிறேன். நிரல்களை விற்கும் ஓர் இணையச் சந்தை. அங்கே, வரைபடங்களுக்கு நிழல், ஒளிவட்டம், மங்கல் போன்ற ஃபில்டர்களைச் சேர்த்துத் தருவதாகச் சொல்லும் ஒரு லைப்ரரி, அதாவது நம் நிரலில் சேர்த்துக்கொள்ளும் தயார் நிரல்தொகுப்பு.

மாதிரிப் பக்கத்தில் பெரிய பெரிய வட்டங்கள், ஒவ்வொன்றின் கீழும் மென்மையான நிழல். அதை மட்டும் பார்த்து வாங்கிவிடவில்லை. "தரவு மாறும்போதெல்லாம் என் நிரல் கோடுகளையும் புள்ளிகளையும் புதிதாக வரையும், ஒரே பக்கத்தில் பல வரைபடங்கள் இருக்கும், சரியாக வருமா?" என்று விற்பவரிடம் கேட்டேன். "அதற்காகவே எழுதியது, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்று உடனே பதில் வந்தது. அந்த ஒரு வரியை நம்பித்தான் 120 டாலரைக் கட்டினேன்.

என் வரைபடத்தில் சேர்த்ததும் கிடைக்கோடு காணாமல் போனது. நிழல் வராவிட்டால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கோடே இல்லை! சிறு புள்ளிகளின் நிழல் கத்தரியால் வெட்டியதுபோல் சதுரமாக நின்றது. இரண்டாவது வரைபடத்துக்குச் சிவப்பு ஒளி கேட்டால், முதல் வரைபடத்தின் நீலமே வந்தது.

விற்பவரிடம் சொன்னேன். "உலாவியைப் புதுப்பியுங்கள்" என்றார். புதுப்பித்தும் அதே கதை. "உங்கள் நிரலில்தான் கோளாறு" என்றார். திரையைப் படம்பிடித்து அனுப்பியபின் பதிலே இல்லை. சந்தையின் உதவிப் பிரிவோ, பதிவிறக்கிய பொருளுக்குப் பணம் திரும்பாது என்ற ஒரே வாக்கியத்தை ஒவ்வொரு கடிதத்திலும் ஒட்டி அனுப்பியது. என் கேள்வியை அங்கே எவரும் படித்ததாகவே தெரியவில்லை.

பிறகு லைப்ரரியின் உள்ளே திறந்து பார்த்தேன். காசியன் மங்கல் (ஓரங்களை மென்மையாகப் பரப்பும் வழக்கமான மங்கல்), கொஞ்சம் நகர்த்தல், ஒன்றுசேர்த்தல், அவ்வளவுதான் சரக்கு! ஃபில்டர் வேலை செய்யும் பரப்பைக் குறிப்பிடவே இல்லை. குறிப்பிடாவிட்டால் உருவத்தின் எல்லைப் பெட்டிக்கு (உருவத்தைச் சுற்றி அமையும் செவ்வகத்துக்கு) வெளியே ஒவ்வொரு புறமும் 10 சதவீதம்தான் கிடைக்கும். 10 அலகு அகலமுள்ள புள்ளிக்கு அது 1 அலகு. மங்கல் எவ்வளவு பரவும் என்பதைத் தீர்மானிக்கும் திட்ட விலக்கம் 3 என்றால் நிழல் ஏறக்குறைய 9 அலகு பரவும், மிச்சமெல்லாம் வெட்டுப்படும். கிடைக்கோட்டின் பெட்டிக்கு உயரம் பூஜ்யம், அதில் எத்தனை சதவீதம் கூட்டினாலும் பூஜ்யம்தான். பரப்பை எந்த அளவில் கணக்கிடுவது என்று சொல்லும் ஃபில்டர்யூனிட்ஸ் பண்பை யூசர்ஸ்பேஸ்ஆன்யூஸ் என்று மாற்றி, பரப்பைப் படத்தின் அலகுகளிலேயே கொடுத்தேன்; கோடு வந்துவிட்டது. எல்லா ஃபில்டருக்கும் ஒரே ஐடி (அடையாளப் பெயர்) வேறு. ஒரே ஐடி இரண்டு இருந்தால் உலாவி முதலில் இருப்பதைத்தான் எடுக்கும், சிவப்புக்குப் பதில் நீலம் வந்தது அதனால்தான். 120 டாலர் கேட்பவருக்கு இந்த அடிப்படை தெரிந்திருக்க வேண்டாமா?

வாங்கும் முன் சோதிக்க வேண்டியவற்றை விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. கிடைக்கோட்டையும் மிகச் சிறிய புள்ளியையும் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரே பக்கத்தில் இரண்டு படங்களை வெவ்வேறு நிறத்தில் கேளுங்கள். பிடிஎஃப் எடுத்தாலும் நிழல் வெக்டராகவே இருக்கும் என்று சொன்னால் நம்பாதீர்கள். பல கருவிகள் அந்தப் பகுதியைப் பிக்சல் படமாக்கிவிடும். பணம் திரும்பக் கிடைக்குமா என்பதைப் பதிவிறக்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.