சுழல் நட்சத்திர வட்டு: எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்

இரண்டு அட்டை, நடுவில் ஓர் ஆணி. பிளானிஸ்பியர் என்று விற்கும் சுழல் நட்சத்திர வட்டில் இருப்பது இவ்வளவுதான். கீழ் வட்டில் நட்சத்திரங்கள், அதன் விளிம்பில் ஆண்டின் எல்லாத் தேதிகளும். மேல் வட்டில் நீள்வட்டமாக ஒரு ஜன்னல், அதைச் சுற்றி மணிகள். வானம் பார்க்கும் மணிக்கு நேராக அன்றைய தேதியைத் திருப்பி வைத்தால், அந்த நேரத்தில் தொடுவானத்துக்கு மேலே இருக்கும் நட்சத்திரங்கள் மட்டும் ஜன்னலுக்குள் வரும். ஜன்னலின் ஓரம்தான் தொடுவானம். மாதம் மாற மாற வானம் ஏன் மாறுகிறது என்று புரிந்துகொள்ள, எந்தப் போன் செயலியையும்விட இது மேல். ஆனால் விற்கிற எல்லாமே உருப்படியானவை அல்ல.

பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றி முடிக்க 23 மணி 56 நிமிடம் 4 வினாடி ஆகிறது. அதற்குள் சூரியனைச் சுற்றும் பாதையிலும் ஏறக்குறைய ஒரு டிகிரி நகர்ந்துவிடுகிறது. சூரியனை மறுபடி உச்சிக்குக் கொண்டுவர இன்னும் நாலு நிமிடம் சுழல வேண்டும். அதனால்தான் நம் கடிகார நாள் 24 மணி. நட்சத்திரங்களுக்கு அந்த நாலு நிமிடம் தேவையில்லை. எனவே நேற்று உதித்ததைவிட இன்று 4 நிமிடம் முன்னதாக உதிக்கின்றன. மாதத்துக்கு 2 மணி, ஆண்டுக்கு 24 மணி என்று சேர்ந்து, பழைய கணக்குக்கே திரும்பிவிடும்.

இதை வட்டிலேயே சரிபார்க்கலாம். ஜனவரி 15-ஐ இரவு 10 மணிக்கு நேராக வையுங்கள். அசைக்காமல் விளிம்பைப் பார்த்தால் டிசம்பர் 15 நள்ளிரவு 12-க்கும், பிப்ரவரி 15 இரவு 8-க்கும் நேராக நிற்கும். மூன்று நேரத்துக்கும் வானம் ஒன்றே. வட வானத்துக்கான வட்டில் தேதிகள் வலஞ்சுழியாகவும் மணிகள் இடஞ்சுழியாகவும் அச்சாகியிருப்பது இதற்காகத்தான். இந்தச் சோதனையில் கால் மணிக்கு மேல் விலகினால் அச்சு சரியில்லை, வைத்துவிடுங்கள்.

மணிகள் 24-ம் இருக்கிறதா என்று பாருங்கள். மாலை 5 முதல் காலை 7 வரை மட்டும் அச்சிட்டு மிச்சத்தை விளம்பரத்துக்கு விட்டுவிடும் வட்டுகள் நிறைய. பகல் மணி எதற்கு என்று கேட்கலாம். ஜூன் 15-ஐ நண்பகல் 12-க்கு நேராகத் திருப்புங்கள்: திருவாதிரை, மிருகசீரிடத்தோடு ஓரியன் கூட்டம் முழுக்க ஜன்னலின் நடுவே வந்து நிற்கும். வானத்தில்தான் இருக்கிறது, சூரியன் பக்கத்திலேயே. அதே தேதியை இரவு 11-க்குக் கொண்டுபோனால் ஓரியன் மறைந்து, எதிர்ப்பக்கத்து விருச்சிகமும் கேட்டையும் தெற்கே எழுந்திருக்கும். பருவத்துக்குப் பருவம் இரவு வானம் மாறுவதன் காரணம் முழுவதும் இந்த ஒரு திருப்பலில் இருக்கிறது. பகல் மணி இல்லாத வட்டில் இதைச் செய்ய முடியாது.

பெரும்பாலோர் ஏமாறுவது அட்சரேகையில். ஒவ்வொரு வட்டும் குறிப்பிட்ட ஓர் அட்சரேகைக்காக வெட்டப்பட்டது. 5 டிகிரி முன்னே பின்னே இருந்தால் பாதகமில்லை. 10-ஐத் தாண்டினால் தென்வானம் பொய் சொல்லும். 40 டிகிரி வடக்குக்கான வட்டில் அகத்தியர் நட்சத்திரமே வராது. வானத்தில் பிரகாசத்தில் இரண்டாவது அது. அட்டையில் எண் போடவில்லையென்றால் அளவுகோல் போதும். ஆணியிலிருந்து வான நடுவரை வட்டம் (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானில் ஓடும் கோடு) வரை அளந்துகொள்ளுங்கள், பிறகு ஆணியிலிருந்து ஜன்னலின் வட ஓரம் வரை. முதலாவது 54 மி.மீ., இரண்டாவது 24 மி.மீ. என்றால் 24-ஐ 54-ஆல் வகுத்து 90-ஆல் பெருக்குங்கள்: 40 டிகிரி. டிகிரிக் கோடுகள் சம இடைவெளியில் உள்ள வட்டுகளுக்கு மட்டுமே இந்தக் கணக்கு பொருந்தும். பெரும்பாலானவை அப்படித்தான்.

பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பவர்கள் ஒரு பக்கம் வட வானமும் மறுபக்கம் தென்வானமும் உள்ள இரண்டு முக வட்டுதான் வாங்க வேண்டும். ஒற்றை முக வட்டில் ஆணியை விட்டு விலக விலக வானம் பக்கவாட்டில் இழுபடும்: நடுவரையில் ஒன்றரை மடங்கு, தெற்கே 40 டிகிரியில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. விருச்சிகத்தின் வால் அடையாளமே தெரியாமல் அகன்றுபோகும்.

கிழக்கும் மேற்கும் மாறி அச்சாகியிருப்பதைப் பிழை என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. பிழையல்ல. வட்டைத் தலைக்கு மேல் பிடித்து அண்ணாந்து பார்த்தால் திசைகள் பொருந்திவிடும். நேர விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. உங்கள் நாட்டின் நேரத்துக்கு ஆதாரமான தீர்க்கரேகையிலிருந்து மேற்கே 8 டிகிரி தள்ளி இருந்தால், கடிகார நேரத்தில் 32 நிமிடம் கழித்து வையுங்கள். கிழக்கே என்றால் கூட்டுங்கள். கோடைகால நேரம் நடப்பில் இருந்தால் முதலில் ஒரு மணி நேரத்தைக் கழித்துவிட வேண்டும்.

பொருளைப் பற்றிச் சொன்னால், அட்டையைவிடப் பிளாஸ்டிக் மேல். பனியில் அட்டை உப்பி ஆணியில் இறுகிவிடும். பளபளப்பு மேற்பூச்சு டார்ச் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், மங்கலான பரப்பு நல்லது. ஆணித் துளை லேசாகத் தேய்ந்திருந்தால் பயப்பட வேண்டாம்: 20 செ.மீ. வட்டில் ஒரு நாளுக்கு 1.7 மி.மீ. இடம் கிடைக்கிறது, ஒரு மி.மீ. ஆட்டம் இரண்டு மூன்று நிமிடப் பிழைதான். தூக்கிப் பிடிக்கும்போது வட்டு தானாக நழுவுவதுதான் ஆபத்து. 15 டிகிரி நழுவினால் ஒரு மணி நேரம் போச்சு. கடையிலேயே தலைகீழாக ஆட்டிப் பாருங்கள். சிவப்பு மையில் கோடு போட்ட வெள்ளை வட்டும் வேண்டாம். இருட்டுக்குப் பழகிய கண் கெடாமல் இருக்க நாம் பிடிப்பது சிவப்பு விளக்கு, அதில் சிவப்புக் கோடு காணாமல் போகும். இருளில் ஒளிரும் மை வெறும் அலங்காரம்.

கோள்களும் நிலவும் இதில் இருக்காது, இருக்கவும் முடியாது. அவை நட்சத்திரங்களிடையே இடம் மாறிக்கொண்டே இருப்பவை. வியாழன் எங்கே என்று தேட ஸ்டெல்லேரியம் போன்ற இலவச மென்பொருள் போதும். வட்டு பழையதாகிவிடுமே என்ற கவலையும் வேண்டாம். பூமியின் அச்சுச் சாய்வு மெல்லத் திரும்புவதால் நட்சத்திரங்கள் ஒரு டிகிரி விலக 72 ஆண்டுகள் ஆகின்றன. 50 ஆண்டு பழைய வட்டு இரண்டாம் கையாகக் கிடைத்தாலும் வாங்கலாம், ஆணி இறுக்கமாக இருந்தால்.