தாஸ்கா சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழில் முகவரியைப் படியுங்கள்

மலேசியாவில் கிள்ளான், ஷா ஆலாம் பக்கம் கைக்குழந்தையை விட தாஸ்கா (குழந்தைப் பராமரிப்பு மையம்) தேடிக்கொண்டிருக்கும் பெற்றோர் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு முன்பணம் கட்டுங்கள். எங்கள் மகனை விட்டிருந்த இடத்துக்கு உரிமமே கிடையாது. வாசலில் பெரிய போர்டு, கூடத்தில் கண்ணாடி போட்ட சான்றிதழ்கள், கைப்பேசியில் பார்க்க சிசிடிவி, எல்லாம் இருந்தன. அந்த வீட்டில் குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொள்ள மட்டும் அனுமதி இல்லை. புகார் விசாரணையில் இருப்பதால் இடத்தின் பெயரைப் போடவில்லை. பெயரைச் சொல்வதைவிட எப்படி ஏமாற்றினார்கள் என்று சொல்வதுதான் மற்றவர்களுக்கு உதவும்.

2023 முதல் பேறுகால விடுப்பு 98 நாள். அது முடிந்தால் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். மாமியார் இருப்பது தைப்பிங்கில், எங்கம்மாவுக்கு முழங்கால் வலி. மூன்று மாதப் பிள்ளை என்றதும் பல தாஸ்காக்களில் "ஒரு வயசு ஆனதும் கொண்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு வயதுக்குக் கீழே என்றால் மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் இருக்க வேண்டும் என்பது விதி. ஒன்று முதல் மூன்று வயது வரை ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவர், மூன்றிலிருந்து நான்கு வரை பத்துப் பேருக்கு ஒருவர். கைக்குழந்தைகளை எடுத்தால் ஆள் சம்பளம் கட்டுப்படியாகாது. விதியை மதிக்கிற இடங்கள் தயங்குகின்றன. மதிக்காத இடங்கள் "எத்தனை மாசம்? பரவால்லை, கொண்டு வாங்க" என்கின்றன. மூன்று மாதக் குழந்தையைத் தயக்கமே இல்லாமல் எடுத்துக்கொள்ளும் இடத்தில் எத்தனை கைக்குழந்தைகள், எத்தனை பராமரிப்பாளர்கள் என்பதை முதலில் கேளுங்கள்.

நாங்கள் போனது ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இரண்டு மாடித் தொடர்வீடு. நடத்துபவர் நம்மவர், எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். "தம்பியை எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி பார்த்துக்குவோம்மா. லைசென்ஸ் எல்லாம் இருக்கு, பாருங்க" என்று சுவரைக் காட்டினார். மாதம் 650 வெள்ளி (ரிங்கிட்), பதிவுக் கட்டணம் 200, அதோடு ஒரு மாத முன்பணம். கட்டினோம்.

சுவரில் மூன்று பிரேம்கள் மாட்டியிருந்தன. ஒன்று எஸ்எஸ்எம் பதிவுச் சான்றிதழ். அது தொழில் நடத்தப் பெயர் பதிந்ததற்கான தாள், அவ்வளவுதான். மிளகாய்த்தூள் விற்கப் பதிவு செய்தாலும் அதே தாள்தான் கிடைக்கும். இரண்டாவது கல்வி அமைச்சின் பாலர் பள்ளிப் பதிவு. தாடிக்கா, அதாவது பாலர் பள்ளி, வேறு; தாஸ்கா வேறு. தாடிக்கா நான்கு வயது முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைகளுக்கு, கல்வி அமைச்சின் கீழ் வருகிறது. நான்கு வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஜேகேஎம், அதாவது சமூகநல இலாகா, கொடுக்கும் பதிவு வேண்டும். மூன்றாவது பிரேமில் ஜேகேஎம் சின்னத்தோடு அந்தப் பதிவுச் சான்றிதழே இருந்தது. நகல்தான். ஆனால் அதில் இருந்த முகவரி வேறொரு தாமான். நடத்துபவர் பெயரும் வேறு. யாரோ ஒருவர் வேறு எங்கோ நடத்தும் தாஸ்காவின் சான்றிதழைக் கொண்டுவந்து இங்கே மாட்டியிருக்கிறார்கள். முகவரி இருந்த வரி பிரேமின் கீழ் விளிம்பில் பாதி மறைந்திருந்தது, அதற்கு மேலே பிள்ளைகள் செய்த காகிதப் பூ ஒட்டியிருந்தது.

ஜேகேஎம் பதிவு ஓர் இடத்துக்குக் கொடுக்கப்படுவது. அந்தக் கட்டடத்தைத் தீயணைப்புப் படை வந்து பார்க்கிறது, சுகாதார இலாகா பார்க்கிறது, நகராண்மைக் கழகம் ஒப்புதல் தருகிறது, அப்புறம்தான் பதிவு. ஒரு கிளைக்கு வாங்கியதைக் காட்டி இன்னொரு கிளையை நடத்த முடியாது. "மெயின் பிராஞ்சுக்கு இருக்கு, இதுக்கும் அதேதான்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அந்த வீட்டை யாரும் வந்து பார்க்கவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

விஷயம் வெளியே வந்தது வருமான வரியால். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளையின் பராமரிப்புக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 3,000 வெள்ளி வரை வரிக்கழிவு கேட்கலாம். அந்த இடம் பதிவு பெற்றதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மார்ச்சில் இ-ஃபைலிங் செய்ய ரசீது கேட்டேன். கடையில் வாங்கிய ரசீதுப் புத்தகத்தில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். பதிவு எண் போட்டுத் தாருங்கள் என்றதும் "ஆபீஸ்ல இருக்கு, நாளைக்குத் தரேன்" என்றார். அந்த நாளை வரவே இல்லை. வாட்ஸ்அப்பில் கேட்டால் நீலக்குறி விழும், பதில் வராது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நள்ளிரவில்கூடப் பதில் போடுகிறவர் ஓர் எண்ணைத் தர ஏன் இத்தனை இழுக்கிறார் என்ற சந்தேகம் அப்போதுதான் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பில் சொல்லாமல் போனேன். கீழே கூடத்தில் பெரிய பிள்ளைகள் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைக்குழந்தைகள் மேல் மாடியில். பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும் ஒரு பெண் மட்டும் அங்கே இருந்தாள். ஒரு குழந்தைக்கு நேப்கின் மாற்றிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் மெத்தையில் ஆறேழு குழந்தைகள். என் மகன் மல்லாந்து கிடந்தான். பால் புட்டியின் கீழே ஒரு துண்டைச் சுருட்டி முட்டுக் கொடுத்து, முலைக்காம்பை வாயில் வைத்திருந்தார்கள். பால் கன்னத்தின் வழியாக வழிந்து காதுக்குப் பின்னால் தலையணையை நனைத்திருந்தது. நான் புட்டியை எடுத்ததும் இருமினான்.

இது எவ்வளவு ஆபத்து என்பதைக் கைக்குழந்தை வைத்திருக்கும் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். போதும் என்று புட்டியைத் தள்ளிவிட அந்த வயதில் பிள்ளைக்குத் தெரியாது. பால் வந்துகொண்டே இருக்கும், மூச்சுக்குழாய்க்குள் போகும். பால் அடைத்த குழந்தையால் சத்தம் போட்டு அழ முடியாது. பக்கத்தில் ஆள் இருந்தும் கவனிக்காமல் போவது அதனால்தான். கைக்குழந்தையைக் கையில் ஏந்தி, தலையைச் சற்று உயர்த்தி, முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் பால் கொடுக்க வேண்டும். ஒரே ஆளால் ஏழு குழந்தைகளுக்கு அப்படிக் கொடுக்க முடியுமா? அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளை அந்த நிலையில் வைத்து 650, 650 என்று வாங்கியவர் மேல்தான் கோபம்.

சிசிடிவி பற்றியும் சொல்ல வேண்டும். கேமரா கீழ்க் கூடத்தில் மட்டும்தான். வேலை இடத்திலிருந்து நான் பார்த்ததெல்லாம் பெரிய பிள்ளைகளையும் ஒரு சோபாவையும்தான். என் மகன் இருந்த அறை எதிலும் தெரியாது. "தூங்குற ரூம்ல கேமரா வைக்கிறதில்லம்மா" என்பார்கள். எனக்கு இது பெரிய ஏமாற்றாகப் படுகிறது. கேமரா இருக்கிறதா என்று கேட்காதீர்கள். என் பிள்ளை படுக்கும் மெத்தை அதில் தெரிகிறதா என்று கேளுங்கள்.

மகனைத் தூக்கிக்கொண்டு பின்பக்கச் சமையலறை வழியாக வந்தேன். பின்கதவின் இரும்புக் கிரில்லில் பூட்டுத் தொங்கியது. சாவி எங்கே என்றால் அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. மேலே நடக்கத் தெரியாத பிள்ளைகள், இறங்க ஒரே படிக்கட்டு. தீயணைப்புப் படை ஆய்வை நாம் வெறும் தாள் என்று நினைக்கிறோம், ஆனால் அவர்கள் வந்து பார்ப்பது இதைத்தான்.

திங்கட்கிழமை மாவட்டச் சமூகநல அலுவலகத்துக்குப் போன் செய்து முகவரியைச் சொன்னேன். அந்த முகவரியில் எந்தத் தாஸ்காவும் பதிவில் இல்லை என்று சில நிமிடங்களிலேயே சொல்லிவிட்டார்கள். முன்பணம் கட்டுவதற்கு முன்பே யாரும் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

1984ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம், அதாவது சட்டம் 308, இதில் தெளிவாக இருக்கிறது. ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இல்லாமல், நான்கு வயதுக்குட்பட்ட நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கூலிக்குப் பார்த்துக்கொள்ளும் எந்த இடமும் பதிவு செய்ய வேண்டும். பத்துப் பிள்ளைகளுக்குக் குறைவாக இருந்தால் வீட்டுத் தாஸ்கா, அதற்கு மேல் போனால் வேறு வகை. பதிவில்லாமல் நடத்தினால் 10,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. பக்கத்து வீட்டு ஆண்டி இரண்டு பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொள்கிறார் என்றால் இந்தச் சட்டம் அவரைத் தொடாது. அங்கே உங்கள் கண்தான் காவல்.

எங்கம்மா இதைக் கேட்டதும் "எங்க காலத்துல ஆயாக் கொட்டகைல விட்டுட்டுத்தானே பால்மரம் வெட்டப் போனோம், தாளா கேட்டோம்?" என்றார். உண்மைதான். ஆனால் ரப்பர் தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயா யார், எந்த லயத்துக்காரி (தொழிலாளர் வரிசைவீடு), கைப்பக்குவம் எப்படி என்று எல்லாருக்கும் தெரியும். பிள்ளை இரண்டு தரம் கூடுதலாக அழுதால் மாலைக்குள் லயம் முழுக்கச் செய்தி பரவியிருக்கும். தாமானில் அடுத்த வீட்டுக்காரரின் பெயரே நமக்குத் தெரிவதில்லை. யாரையும் தெரியாத இடத்தில் நமக்காக ஒருவர் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார் என்பதற்கு அந்தத் தாள் ஒன்றுதான் ஆதாரம்.

தாஸ்கா பார்க்கப் போகும்போது பால் கொடுக்கும் நேரத்தில் போங்கள், மாடி வரை ஏறிப் பாருங்கள். "பிள்ளைங்க தூங்குறாங்க, தொந்தரவு வேணாம்" என்று கூடத்தோடு அனுப்பினால் அங்கே விடாதீர்கள். சான்றிதழில் உள்ள முகவரி, நடத்துபவர் பெயர், காலாவதித் தேதி மூன்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பராமரிப்பாளர்கள் குழந்தைப் பராமரிப்புப் பயிற்சி முடித்தவர்களா, சமைப்பவர் டைஃபாய்டு ஊசி போட்டவரா என்று கேளுங்கள். நேர்மையான இடத்தில் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார்கள். நாங்கள் அப்புறம் போய்ப் பார்த்த ஓர் இடத்தில், கேட்பதற்கு முன்பே கோப்பை எடுத்து மேசையில் வைத்தார்கள்.

பணத்தைப் பற்றி. முன்பணத்தைத் திருப்பிக் கேட்டால் "ஒரு மாசம் முன்னாடி சொல்லாம நின்னா தர முடியாதும்மா, ரூல்ஸ்" என்றார். பதிவு இல்லாத இடத்துக்கு என்ன ரூல்ஸ்? பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம். அதனால் பணம் கட்டிய ரசீது, வங்கிப் பரிமாற்றம், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். ரொக்கமாகக் கேட்டாலும் வங்கி வழியாகவே கட்டுங்கள்.

பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். பிள்ளையின் உடம்பில் காயம் இருந்தால் முதலில் மருத்துவமனை, அப்புறம் போலீஸ். தாஸ்காவில் போய்ச் சண்டை போடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். இல்லையென்றால் கேமராப் பதிவு காணாமல் போகும்.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நான் இதைப் போட்டபோது ஒரு தாய் கோபப்பட்டார். "இப்போ திடீர்னு எங்க பிள்ளையை எங்கே கொண்டுபோய் விடுறது?" என்று கேட்டார். அவர் நிலை எனக்குப் புரிகிறது. புகார் கொடுத்தால் மூடிவிடுவார்கள், நாளை வேலைக்குப் போக முடியாது என்ற பயத்தில்தான் பலரும் பேசாமல் இருக்கிறார்கள். மாவட்டச் சமூகநல அலுவலகத்திலேயே பக்கத்தில் பதிவு பெற்ற தாஸ்காக்கள் எவை என்று கேட்டுக்கொள்ளலாம். அப்படிக் கேட்டுத்தான் இப்போதைய இடம் கிடைத்தது. மாதம் 150 வெள்ளி கூடுதல், வீட்டிலிருந்து சற்றுத் தூரம், இடம் கிடைக்கவும் காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை தைப்பிங்கிலிருந்து மாமியார் வந்து பார்த்துக்கொண்டார். கைக்குழந்தைகளை எடுக்கும் பதிவு பெற்ற இடங்கள் சீக்கிரம் நிறைந்துவிடுகின்றன. வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே போய்ப் பார்த்துப் பெயர் கொடுத்து வையுங்கள்.