காதுக்கவசமும் நானும்: 2008 முதல்

கார்ப் பந்தய இரைச்சலைத் தடுக்கும் இந்தக் காதுக்கவசத்தை 2008 செப்டம்பரில் சிங்கப்பூர் தேக்காவில் 22 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கினேன். "பஞ்சு அடைப்பான் போதாது மாப்பிள்ளை, தலையில் மாட்டுவதை வாங்கு" என்று சொன்னவர் என் மாமா. கப்பல் பட்டறையில் காலம் தள்ளியவர். இரைச்சலைப் பற்றி அவரிடம் வாதாட முடியாது.

நாங்கள் போனது சிங்கப்பூரின் முதல் ஃபார்முலா 1 கார்ப் பந்தயத்துக்கு. உலகிலேயே இரவில் நடந்த முதல் ஃபார்முலா 1 பந்தயமும் அதுதான். பாடாங் திடல் ஓரம், செயின்ட் ஆண்ட்ரூஸ் சாலையைப் பார்த்து நின்றோம். எதிரே பழைய உச்ச நீதிமன்றக் கட்டடம். கார்களின் அலறல் அதன் தூண்களில் மோதி, மறுபடியும் நம்மிடமே வந்தது. 2.4 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின், நிமிடத்துக்கு 19,000 சுற்று வரை. வீம்புக்காக ஐந்து நொடி கவசத்தைக் கழற்றினேன். மறுநாள் அலுவலகத்தில் யார் பேசினாலும் கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. மாட்டியபின் காது தப்பித்தது, நெஞ்சுக்கூட்டின் அதிர்வு மட்டும் நிற்கவில்லை. அது நின்றிருந்தால் 22 வெள்ளியைத் திருப்பிக் கேட்டிருப்பேன்.

குறைகளும் உண்டு. மூக்குக்கண்ணாடியின் காம்பு மெத்தையைத் தூக்கிவிடுகிறது; அந்த இடுக்கு வழியாகச் சத்தம் புகுந்துவிடும். இரவு எட்டு மணிப் புழுக்கத்தில் காதோரம் வியர்வை வழியும். ஒலிபெருக்கி வர்ணனையும் காதில் விழாது. 2012-இல் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் சுவரில் மோதியதை, பக்கத்தில் நின்றவர் தோளைத் தட்டிச் சொல்லித்தான் அறிந்தேன். அந்த ஆண்டே மெத்தையின் தோலும் வெடித்தது. தனியாக மெத்தை கிடைத்ததால் கவசம் பிழைத்தது.

2014-இல் அதற்கு வேலை போய்விட்டது. 1.6 லிட்டர் வி6 டர்போ வந்தது. புகைபோக்கி வழியே வெடித்து வெளியேற வேண்டிய ஆற்றலில் ஒரு பங்கை டர்போ என்ற சுழலி பிடுங்கிக்கொள்வதால் சத்தம் அடங்கிவிடுகிறது. முதல் சுற்று முடிவதற்குள் கவசத்தைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். அருகில் இருந்தவரோடு பேசிக்கொண்டே பந்தயம் பார்க்க முடிந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஹாமில்டன் வென்றார், நல்ல பந்தயம்தான். இருந்தாலும் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைச் சன்னல் வழியே பார்த்ததுபோல் இருந்தது.

கொரோனாவால் இரண்டு ஆண்டு பந்தயமே இல்லை. 2022-இல் மழையால் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம். மெத்தை ஊறி, தீபாவளி வரை நாற்றம் போகவில்லை. வெயிலில் காயவைக்காமல் பைக்குள் திணித்தது என் தவறு.

இப்போது புதிதாக வாங்குவோருக்கு, பெரியவர் என்றால் பஞ்சு அடைப்பானே போதும் என்பேன். விரலால் உருட்டி மெலிதாக்கி, காதுமடலை மேலே இழுத்துப் பிடித்துச் செருகி, அது உப்பும்வரை விரலை எடுக்காமல் இருங்கள். சிறுவர்களுக்குக் கவசமே நல்லது.

எங்கள் கவசம் இப்போது என் எட்டு வயது மகளிடம். கார்கள் ஓடும்போது அதைக் கழற்றிவிடுகிறாள். பந்தயம் முடிந்து பாடாங் மேடையில் கச்சேரி தொடங்கியதும் கேட்டு வாங்கி மாட்டிக்கொள்கிறாள்.