போர்டில் யார் வேண்டும்: நிதிக்காரரா, பொறியாளரா?

போன வருஷம் வாகன உதிரிபாகம் செய்யும் இரண்டு நிறுவனங்களில் ஒன்றில் பணம் போட நினைத்தேன். கடன், லாபம், ஆர்டர் எல்லாம் ஏறக்குறைய சமம். ஒன்றின் இயக்குநர் குழு (போர்டு) முழுக்க ஆடிட்டர்கள், வங்கிக்காரர்கள். மற்றதில் ஆலையில் வேலை பார்த்து மேலே வந்தவர்கள் அதிகம். இரண்டாவதைத்தான் வாங்கினேன்.

நிதிக்காரர்கள் இருந்தால் கடன் கட்டுக்குள் இருக்கும், டிவிடெண்ட் ஒழுங்காக வரும். அதை மறுக்கவில்லை. என்னைத் திருப்பியது அமெரிக்க விமானத் தயாரிப்பு நிறுவனமான போயிங். 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் அதன் இரண்டு 737 மேக்ஸ் விமானங்கள் விழுந்து 346 பேர் இறந்தார்கள். அப்போதைய தலைமை நிர்வாகி டென்னிஸ் முய்லன்பர்க் பொறியாளர்தான். ஆக, தலைவரின் பட்டத்தை மட்டும் பார்ப்பதில் பயனில்லை; அவரைக் கேள்வி கேட்கும் இடத்தில் யார் என்று பார்க்க வேண்டும். போயிங் போர்டில் விமானப் பயண நிறுவனம் ஒன்றின் முன்னாள் தலைவர் ஒருவர் இருந்தார். மற்றபடி அரசியல், முதலீடு, காப்பீடு, மருந்துத் துறைக்காரர்களே அதிகம். விமானப் பாதுகாப்புக்கென்று தனிக் கமிட்டி வந்ததே 2019 ஆகஸ்டில்தான். அதற்குமுன் சில ஆண்டுகளில் தன் பங்குகளையே சந்தையிலிருந்து திரும்ப வாங்க மட்டும் 4,000 கோடி டாலருக்கு மேல் போயிருந்தது. விமானத்தின் மூக்கைத் தானாகக் கீழே தள்ளும் மென்பொருள் ஒரே ஒரு சென்ஸாரை நம்பியிருந்தது. “அது கெட்டால் என்ன ஆகும்?” என்று கேட்க, இயந்திரத்தோடு பழகிய ஆள் வேண்டும். 2019இல் போட்டி நிறுவனமான ஏர்பஸ் 863 விமானங்களை ஒப்படைத்தது. மேக்ஸ் தரையில் நின்றதால் போயிங் 380தான்.

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி, எந்த இயக்குநருக்கு என்ன திறமை என்று ஆண்டறிக்கையில் ஓர் அட்டவணை வரும். நான் வாங்காமல் விட்ட நிறுவனத்தில் எல்லாருக்கும் எல்லாக் கட்டத்திலும் டிக். உற்பத்திக்கும் டிக், தொழில்நுட்பத்துக்கும் டிக். ஆளுக்கு ஆள் முந்தைய வேலை பற்றிய குறிப்பைப் படித்தால் ஒருவர்கூட ஆலைக்குள் இருந்ததில்லை. அட்டவணையை விட்டுவிட்டு அந்தக் குறிப்புகளைப் படியுங்கள்.

வங்கி, மென்பொருள் பங்குகளுக்கும் இதே அளவுகோல் என்று அடித்துச் சொல்லமாட்டேன். நான் அதிகம் பார்த்தது உற்பத்தித் துறையைத்தான். சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தின் போர்டில் பென்டியம் சிப்போடு பெயர் சேர்ந்த பொறியாளரும் இருந்தார், ஹார்வர்டு பேராசிரியரும் இருந்தார். இருந்தும் 2009 ஜனவரியில் சுமார் 7,000 கோடி ரூபாய் கணக்குப் புரட்டு வெளியே வந்தது. அங்கே வேண்டியிருந்தது, வங்கி இருப்பை நேரடியாக வங்கியிடமே விசாரிக்கும் ஒருவர்.