சண்டை விளையாட்டுக்கு எது: கேம்பேடா, ஆர்கேட் ஸ்டிக்கா?

யாழ்ப்பாணத்தில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, டெக்கன் 8 என்று போட்டிக்காகவே பழகும் தம்பிமார் முதலில் கேட்பது இதைத்தான். ஆர்கேட் ஸ்டிக் என்பது பழைய விளையாட்டுக்கூட இயந்திரங்களில் இருப்பதுபோல் நெம்புகோலும் பெரிய பட்டன்களும் கொண்ட பெட்டி. என் பதில்: கையில் இருக்கும் கேம்பேடிலேயே தொடங்குங்கள்.

சண்டை விளையாட்டுகளுக்கான பெரிய சர்வதேசப் போட்டியான ஈவோவில், 2014இல், பிரான்ஸ் வீரர் லஃபி, முதலாவது பிளேஸ்டேஷனின் பழைய பேடை வைத்தே அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 பட்டத்தை வென்றார். ஸ்டிக் இல்லாமல் வெல்ல முடியாது என்ற பேச்சு அன்றே செல்லாக்காசாகிவிட்டது. ஆனால் அனலாக் குமிழை விட்டுத் திசை விசையைப் பழகுங்கள். குமிழ் நகர வேண்டிய தூரம் அதிகம். செக்கனுக்கு 60 ஃபிரேம் (படச்சட்டம்) ஓடும் விளையாட்டில் அது உறைக்கும். பேடின் குறை இடது பெருவிரலில் தெரியும். ஸ்ட்ரீட் ஃபைட்டரின் எம்பிக் குத்தும் அடியான ஷோர்யுகனை முன், கீழ், முன்கீழ் என்று மணிக்கணக்கில் அழுத்தினால் நுனித்தோல் சிவந்து எரியும்.

ஸ்டிக்கில் அந்தச் சுமையை மணிக்கட்டும் முழங்கையும் பகிர்ந்துகொள்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது அதன் உட்புறம். பெரும்பாலான நல்ல ஸ்டிக்குகளில் அடித்தட்டைக் கழற்றினால், 30 மில்லிமீற்றர் பட்டன்கள் கிளிப் வயர்களில் நிற்கும். ஈயம் பற்றவைக்காமல் வெறுங்கையால் மாற்றிவிடலாம்.

விலைதான் இடிக்கிறது. கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும், அல்லது கனடாவிலிருந்து வரும் மாமாவின் பெட்டியில் இடம் கேட்க வேண்டும். பெருவிரல் தொடர்ந்து வலித்தால் தயங்காமல் ஸ்டிக்குக்குப் பணம் சேருங்கள். வலி இல்லையென்றால், இணையத்தில் ஆடும்போது தடங்கல் குறைய, முதலில் ரவுட்டரிலிருந்து ஒரு லான் வயர் இழுங்கள்.