பிளாஸ்டிக் பெட்டியா, துணிப்பையா, இரும்பு டிரங்கா? குதிரைப் போர்வைகளைப் பத்திரப்படுத்தும் வழிகள்

குளிர்காலம் முடிந்து குதிரையின் முதுகிலிருந்து இறங்கும் போர்வைகள் அடுத்த சில மாதங்கள் எங்கே கிடக்கும் என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. காலியாக இருக்கும் மூலையில் மடித்துப் போட்டுவிடுகிறார்கள். மறுபடி குளிர் வந்து எடுத்துப் பார்க்கும்போது ஒன்றில் எலி குட்டி போட்டிருக்கும், இன்னொன்றில் பூஞ்சை படர்ந்திருக்கும், கம்பளிப் போர்வையை அந்துப்பூச்சி அரித்திருக்கும். சிக்கல் என்னவென்றால், இவற்றில் ஒன்றைத் தடுக்கும் ஏற்பாடு பெரும்பாலும் இன்னொன்றுக்கு வழிவிடுகிறது. இறுக்கமான பெட்டி எலியை வெளியே நிறுத்தும். ஆனால் மிச்சமிருக்கும் ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும். காற்றோட்டமுள்ள பை ஈரத்தை வெளியே விடும். எலியின் பல்லுக்கு முன்னால் அது ஒரு தடையே இல்லை.

மூடி உள்ள பிளாஸ்டிக் பெட்டிதான் பலருடைய முதல் தேர்வு. அடுக்கலாம், உள்ளே இருப்பது தெரியும், தூசி படாது. முழுக்கக் காய்ந்த போர்வைக்கு இது நல்ல இடமே. ‘முழுக்கக் காய்ந்த’ என்பதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். சதுர மீட்டருக்கு 300 கிராம் பாலியஸ்டர் பஞ்சு வைத்த கனமான போர்வையின் மேல்துணி ஒரே வெயிலில் உலர்ந்துவிடும். நடுவிலுள்ள பஞ்சும், பட்டைகள் தைக்கப்பட்ட தடித்த மடிப்புகளும் அதற்குப் பிறகும் நீண்ட நேரம் ஈரமாகவே இருக்கும். சந்தேகம் இருந்தால் போர்வையை மடித்து, ஒளி ஊடுருவும் பாலிதீன் பையில் கட்டி, ஓர் இரவு வைத்துப் பாருங்கள். காலையில் பையின் உட்புறத்தில் நீர்த்துளி படிந்திருந்தால் அது இன்னும் பெட்டிக்குத் தயாராகவில்லை. சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் காற்றிலுள்ள சிறிதளவு ஈரத்தை வாங்கிக்கொள்ளும். நனைந்த பஞ்சை உலர்த்தும் சக்தி அவற்றுக்குக் கிடையாது. இன்னொன்று: மூடி சரியாகப் பொருந்தாமல் 6 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே சுண்டெலி நுழைந்துவிடும். விளிம்பில் பல் பதிக்க இடம் கிடைத்தால் பிளாஸ்டிக்கையே கடித்து ஓட்டை போட்டுவிடும்.

இரும்பு டிரங்குப் பெட்டியில் அந்தக் கவலை இல்லை. தீவனமும் வைக்கோலும் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போர்வையையும் வைத்தாக வேண்டும் என்றால், என் ஓட்டு தயக்கமில்லாமல் டிரங்குக்குத்தான். இதன் குறை வேறு. இரவில் உலோகம் சில்லிட்டுப் போனால் உட்புறச் சுவரில் நீர் வியர்க்கும். துரு பிடித்த இடம் துணியில் பட்டால் அந்தக் கறை எளிதில் போகாது. அடியிலும் பக்கங்களிலும் பழைய பருத்தித் துணியை விரித்து, பெட்டியைத் தரையில் படாமல் மரக்கட்டைகள்மேல் வைத்தால் பாதித் தொல்லை தீரும். மிச்சம், அதன் கனம்.

காற்றை உறிஞ்சி வெளியேற்றும் வெற்றிடப் பைகளைப் பற்றி நான் கடுமையாகவே சொல்வேன். தலையணை உயரத்துக்கு உப்பியிருந்த போர்வை அப்பளமாகத் தட்டையாவதைப் பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் பஞ்சு வைத்த போர்வை வெப்பத்தைக் காப்பது பஞ்சுக்கிடையே சிக்கியிருக்கும் காற்றால்தான். மாதக்கணக்கில் நசுக்கி வைத்த பஞ்சு பழைய உப்பலுக்கு முழுமையாகத் திரும்பும் என்று நம்ப முடியாது. மழைக்குப் போடும் போர்வைகளில் இதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. நீர் புகாமல் தடுப்பது மேல்துணியின் உட்புறத்தில் பூசியிருக்கும் மெல்லிய பாலியூரித்தேன் படலம். கூர்மையாக மடிந்து நசுங்கிய கோடுகளில் அது விரிசல் விட்டால், அடுத்த மழையில் அந்தக் கோடுகள் வழியேதான் குதிரை நனையும். பஞ்சில்லாத பருத்தி விரிப்புகளுக்கும் ஈ வலைகளுக்கும் இந்தப் பைகள் போதுமானவை. கம்பளிக்கும் உதவும், அந்துப்பூச்சி உள்ளே வர முடியாது. ஆனால் முட்டை ஏற்கெனவே துணியில் இருந்தால் அதையும் சேர்த்தே கட்டிவைத்ததாகிவிடும். உலோகக் கொக்கியின் முனை பையைத் துளைத்தால் காற்று நுழைந்து எல்லாம் மறுபடி உப்பிவிடும்.

கான்வாஸ் அல்லது பருத்திப் பைகளை இகழ்வோர் உண்டு. எலி வராத, உலர்ந்த அறை ஒன்று இருப்பவருக்கு இவற்றைவிட நல்லது கிடையாது என்பது என் எண்ணம். பெட்டி, பை வகைகளில் கொஞ்சம் ஈரம் மிஞ்சியிருந்தாலும் மன்னிப்பது இது ஒன்றுதான். கழியில் தொங்கவிடுவதும் இதே குணமுடையது. ஆனால் தூசி படியும், சன்னல் வெயில் நேராகப் பட்டால் நைலான் இழை நாளடைவில் வலுவிழக்கும்.

கம்பளிப் போர்வைக்குத் தனிக் கணக்கு. துணியை அரிப்பது பறக்கும் பூச்சியல்ல, அதன் புழு. அதற்கு வேண்டியது கெரட்டின் என்ற புரதம். கம்பளியில் இருப்பது அதுதான், போர்வையில் ஒட்டியிருக்கும் குதிரை முடியில் இருப்பதும் அதுதான். வியர்வையும் அழுக்கும் படிந்த பகுதிகளையே புழு முதலில் தேடிப்போகும். ஆகவே முடியை நன்றாகத் தட்டித் தேய்த்து நீக்காமல், துவைக்காமல், எந்தப் பெட்டியில் வைத்தும் பயனில்லை. அந்துருண்டை போடுவதென்றால் அது இறுக்கமான பெட்டிக்குள்தான் வேலை செய்யும். துணிப்பையில் ஆவி வெளியேறிவிடும். அந்த நெடியும் கம்பளியில் தங்கும். இரவு முழுவதும் குதிரையின் தோலை ஒட்டிக் கிடக்கப்போகும் துணியில் அந்த நஞ்சை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. தேவதாரு மரத்துண்டுகளின் மணம் எண்ணெய் உலர உலரக் குறையும். அதை மட்டும் நம்ப முடியாது.

பெட்டி எதுவானாலும் தகரக் கூரைக்கு நேர் கீழே உள்ள பரணில் ஏற்றாதீர்கள். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் பாலியூரித்தேன் பூச்சு சிதைந்து பிசுபிசுக்கும், பிறகு உரிந்து வரும். படர்தாமரை வந்த குதிரையின் போர்வையை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் வைப்பது அதைவிடத் தவறு. அந்தப் பூஞ்சையின் வித்துகள் துணியில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும்.

கட்டணம் வாங்கிக்கொண்டு துவைத்து, தைத்து, குளிர்காலம் வரை தாங்களே வைத்திருந்து தருபவர்களும் இருக்கிறார்கள். இடம் இல்லாதவருக்கு அது வசதிதான். ஒப்படைக்கும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: கிழிசலை இப்போதே தைப்பார்களா, துவைத்த பிறகு எப்படி உலர்த்துகிறார்கள்? சூடான உலர்த்தி என்று பதில் வந்தால் மழைப் போர்வையை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள்.